சீனத் தேயிலை பழக விரும்புகிறவர்களுக்கு: தண்ணீரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பேர் உட்கார்ந்து சீனத் தேயிலை போட்டுக் குடிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் விலை உயர்ந்த இலையை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் அழகான பாத்திரம், அதற்கும் அப்புறம் "எனக்கு மட்டும் ஏங்க இப்படிக் கசக்குது" என்று கேட்கும்போதுதான் தண்ணீர் பக்கம் பார்வை போகிறது. அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். தண்ணீர், சூடு, இலை, கைப்பழக்கம், ருசி என்று கீழே உள்ள படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, தயவுசெய்து நடுவிலிருந்து தொடங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் நாம் குடிப்பது பாலையும் சர்க்கரையையும் தாங்குவதற்காகவே குருணையாகச் செய்யப்பட்ட தூள், இங்கே பேசுவது முழு இலை. அந்தத் திடத்தை இதில் தேடினால் முதல் மடக்கிலேயே ஏமாற்றம்தான். எங்கள் அம்மா முதல் தடவை குடித்துவிட்டு "வெந்நீர்ல எதையோ காட்டி எடுத்தியா?" என்றார். ஆறு மாதம் கழித்து அவரே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். நாக்குக்கு அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

100 மில்லி கொள்ளும் கைவான் ஒன்று வேண்டும். கைவான் என்பது மூடியும் தட்டும் உள்ள சின்னப் பீங்கான் கிண்ணம், சீனாவில் எல்லா வகைத் தேயிலைக்கும் புழங்குவது. வெள்ளையாக, மெல்லியதாக, வாய் வெளிப்பக்கம் விரிந்ததாகப் பாருங்கள். பீங்கான் மணத்தைப் பிடித்துவைக்காது, அதனால் காலையில் ஒரு வகை, மாலையில் இன்னொன்று என்று போடலாம். விரிந்த விளிம்புதான் விரலுக்குச் சூடு ஏறாமல் காக்கிறது, அது நேராக இருந்தால் கை வெந்துபோகும்.

இறக்கிய தேநீரை ஊற்றிவைக்க மூக்குள்ள கண்ணாடிக் குவளை ஒன்று. இதைச் சீனர்கள் நியாயக் குவளை என்ற பொருளில் அழைக்கிறார்கள், ஏனென்றால் கைவானிலிருந்து நேராகக் கோப்பைகளுக்கு ஊற்றினால் முதல் ஆளுக்கு நீர்த்ததும் கடைசி ஆளுக்குக் கடுப்பானதும் போகும், குவளையில் சேர்த்துவிட்டு ஊற்றினால் எல்லோருக்கும் ஒரே ருசி. 40, 50 மில்லி கோப்பை இரண்டு மூன்று போதும்.

தராசு கட்டாயம். கொலுசுத் தொழில் நடக்கும் ஊர் இது, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் குட்டி டிஜிட்டல் தராசுக்கு அலைய வேண்டியதில்லை. 0.1 கிராம் காட்டினால் போதும். "ஒரு ஸ்பூன்" என்ற கணக்கு இங்கே செல்லாது: உருண்டையாகச் சுருட்டிய ஊலாங் தேயிலை 5 கிராம் ஒரு ஸ்பூனில் அடங்கிவிடும், பஞ்சுபோல இருக்கும் வெள்ளைத் தேயிலை 5 கிராம் கைவானையே நிரப்பிவிடும்.

இவற்றோடு ஒரு சமையல் வெப்பமானி, தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பார்க்கும் பேனா போன்ற மீட்டர், ஒரு மின்சாரக் கெட்டில், ஒரு நோட்டு. மூங்கிலில் செய்த தேநீர்த் தட்டு வாங்காதீர்கள். ஈரம் தங்கி அடியில் பூஞ்சை பிடிக்கிறது, எங்கள் கூட்டத்திலேயே இரண்டு தட்டு அப்படிப் போனது. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வேலையைப் பாருங்கள், சிந்துவது எல்லாம் அதிலேயே நிற்கும்.

2. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று இரண்டு உண்டு. போரிலிருந்து வருவது முதல் வகை, மேட்டூரிலிருந்து வரும் காவிரி இரண்டாவது. இப்போது மூன்றாவதாக ஆர்.ஓ. எந்திரத் தண்ணீரும் கேன் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. இந்த மூன்றிலும் ஒரே இலையைப் போட்டால் மூன்று வெவ்வேறு தேநீர் வரும், நம்பமாட்டீர்கள், ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். எங்கள் தெருத் தண்ணீரில் மீட்டர் 900-ஐ ஒட்டிக் காட்டுகிறது. இந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் சீக்கிரமே கறுத்து மங்கும், மேலே எண்ணெய் போல ஓர் ஆடை படியும், மணம் எழவே எழாது. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து மேலே மிதக்கிறது. இதில் எவ்வளவு நல்ல இலையைப் போட்டாலும் வீண்.

அதற்குப் பயந்து ஆர்.ஓ. தண்ணீருக்கு ஓடுகிறவர்கள் எதிர்ப்பக்கம் விழுகிறார்கள். எந்திரம் தாதுக்களை எல்லாம் எடுத்துவிட்டு 20, 30 அளவில் தந்தால் தேநீர் மெலிந்துபோகிறது. மணம் மூக்கில் ஏறும், ஆனால் வாயில் கனம் இருக்காது, சிலவற்றில் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

நடுவில் வர வேண்டும். 50-லிருந்து 120-க்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இலைகள் நன்றாகத் திறக்கின்றன என்பது எங்கள் அனுபவம். குழாயில் வரும் நல்ல தண்ணியை ஒரு நாள் மண்பானையில் வைத்து, க்ளோரின் வாடை போனதும், ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து மீட்டரில் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எந்த விகிதம் என்று ஒரே ஒருமுறை கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். கோடையிலும் மழைக்காலத்திலும் குழாய்த் தண்ணீரின் குணம் மாறும், அப்போது மட்டும் திரும்பப் பாருங்கள்.

இதற்குச் சீன இலை எதையும் வீணாக்க வேண்டாம். நீலகிரி முழு இலைத் தேயிலை கொஞ்சம் வாங்கி, ஒரே அளவு இலை, ஒரே நேரம் வைத்து, இரண்டு கிண்ணங்களில் இரண்டு தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் ருசியுங்கள். இந்தப் பழக்கம் இங்கே வந்தால் மற்ற எல்லாப் படிகளுக்கும் உதவும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இலையையும் தண்ணீரையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு ருசி ஏன் மாறியது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

3. சூடு: சேலத்தில் ஒரு கணக்கு, ஏற்காட்டில் ஒரு கணக்கு

மென்மையான இளந்தளிருக்குக் குறைந்த சூடு, முதிர்ந்த இலைக்கும் நொதித்த இலைக்கும் அதிக சூடு, இதுதான் அடிப்படை. கொதிக்கும் தண்ணீர் பச்சைத் தேயிலையிலிருந்து கசப்பையும் துவர்ப்பையும் ஒரே நொடியில் இழுத்துவிடும். அதுவே பூஅர் என்ற நொதித்த தேயிலைக்கு 80 டிகிரி தண்ணீர் ஊற்றினால் அது தூக்கத்திலிருந்து எழவே எழாது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. ஏற்காட்டு நண்பர் ஒருவர், சேலத்தில் எங்களோடு குடித்த அதே பூஅர் தன் வீட்டில் மட்டும் சப்பென்று இருக்கிறது, இலை மாறிவிட்டதோ என்று ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தார். இலை அதே இலைதான், அந்த 4 டிகிரியும் குளிர்ந்த பாத்திரமும் சேர்ந்து செய்த வேலை.

மலையில் இருப்பவர்கள் பூஅர், பாறை ஊலாங் போன்றவற்றுக்குக் கைவானை வெந்நீர் ஊற்றி இரண்டு முறை சூடாக்குங்கள், கொதி அடங்குவதற்குள் ஊற்றுங்கள், ஒவ்வொரு முறை ஊற்றி இறக்கும்போதும் 5 நொடி கூட்டுங்கள். பச்சைத் தேயிலைக்கு அங்கே எந்த மாற்றமும் தேவையில்லை.

வெப்பமானி இல்லாத நாளில் நாம் பிறந்ததிலிருந்து செய்வதையே செய்யலாம், ஆற்றலாம். கொதித்த தண்ணீரைக் குவளைக்கு ஒருமுறை மாற்றினால் 10 டிகிரி போல இறங்கும், இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பாத்திரமே சூடாக இருக்கும், அப்போது மூன்று மாற்று வேண்டியிருக்கும்.

4. முதலில் வாங்க வேண்டிய இலைகள்

சீனத் தேயிலையில் ஆறு குடும்பம்: பச்சை, மஞ்சள், வெள்ளை, ஊலாங், சிவப்பு, கருப்பு. எல்லாம் ஒரே செடியின் இலைதான், பறித்த பிறகு எவ்வளவு வாட வைக்கிறார்கள், எப்போது சூட்டில் நிறுத்துகிறார்கள், எப்படிப் புளிக்க விடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. நாம் பிளாக் டீ என்பதை அவர்கள் சிவப்பு என்கிறார்கள், அவர்களுடைய கருப்பு என்பது பூஅர் போல நுண்ணுயிர் வேலை செய்த தேயிலை. கடையில் வாங்கும்போது இந்தக் குழப்பம் வரும், கவனியுங்கள்.

மஞ்சளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அரிது, விலையும் அதிகம். மற்ற ஐந்திலும் ஒவ்வொன்று, 25 கிராம் அல்லது 50 கிராம், அதற்கு மேல் வேண்டாம். நான் சொல்லும் ஐந்து: யுன்னானின் தியென்ஹோங் (சிவப்பு), ஃபூஜியானின் பாய் மூதான் (வெள்ளை), அதே மாகாணத்து ஆன்ஷியிலிருந்து தியே குவான் யின் (ஊலாங்), யுன்னானின் முதிர்ந்த பூஅர், ஹாங்சோவின் லோங்ஜிங் (பச்சை).

குடிக்கும் வரிசையும் இதுவேதான். தியென்ஹோங்கில் நாட்டுச்சர்க்கரை போன்ற இனிப்பு இயல்பாகவே இருப்பதால் பாலில்லாத தேநீருக்குப் பழகாத நாக்கு இதை எதிர்க்காது, தவறாகப் போட்டாலும் மன்னித்துவிடும். பாய் மூதானும் அப்படித்தான். லோங்ஜிங் கடைசியில் வருவதற்குக் காரணம், அது சூட்டிலும் நேரத்திலும் கொஞ்சம் பிசகினாலும் கசந்துவிடும். பலரும் பச்சைத் தேயிலை உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அதில் தொடங்குகிறார்கள், கொதிக்கும் நீரை ஊற்றுகிறார்கள், முகம் சுளிக்கிறார்கள், அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

விற்பவர் பறித்த ஆண்டையும் ஊரையும் சொல்கிறாரா என்று பாருங்கள். லோங்ஜிங்கில் ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது மென்மையானது, விலை கூடியது. பழகுவதற்கு அதற்குப் பிறகு பறித்ததே போதும். "அரசர்களுக்காகப் பறித்தது", "நூறாண்டு மரம்" என்று கதை மட்டும் சொல்லி ஆண்டைச் சொல்லாத பாக்கெட்டை விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி கனமாக விழும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். கோடையில் பச்சைத் தேயிலையை வரவழைக்காதீர்கள், பார்சல் கிடங்குச் சூட்டில் கிடந்து வந்தால் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். பூஅருக்கும் சிவப்புக்கும் அந்தப் பயம் குறைவு.

விலையைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கிராம் 1,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 5 கிராம், 100 ரூபாய். அதில் ஏழு ஈடு எடுத்தால் 700 மில்லி, கோப்பைக் கணக்கில் பதினான்கு கோப்பை. கோப்பைக்கு 7 ரூபாய் சுமாராக வருகிறது.

ஈடு என்று சொன்னேனே, இட்லிக்குச் சொல்வதைத்தான் நாங்கள் இதற்கும் சொல்கிறோம். ஒரே இலையில் முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்று திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றி இறக்குவது.

5. கைவானைப் பச்சைத் தண்ணீரில் பழகுங்கள்

சூடான நீரோடு முதல் நாளே கைவானைத் தூக்காதீர்கள். விரல் சுட்டால் கிண்ணம் கீழே போகும், ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு பயந்து பயந்து மெதுவாக ஊற்றுவார்கள், அந்த மெதுவில் தேநீர் கடுத்துவிடும்.

பச்சைத் தண்ணீரை, விளிம்பு விரியத் தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பின் எதிரெதிர் முனைகளில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழ் மேல். மூடியை லேசாகச் சாய்த்து ஒரு அரிசி நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். அப்புறம் தயங்காமல் ஒரே வீச்சில் கிண்ணத்தைச் செங்குத்தாகக் கவிழ்த்து ஊற்றுங்கள். பாதி சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் மூடி வழியாகப் பின்வாங்கி விரலுக்கு வரும். இருபது முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும்.

கைவான் கைக்கு ஒத்துவராத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பீங்கான் கோப்பை, அதன் மேல் ஒரு தட்டு, ஒரு டீ வடிகட்டி வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்யலாம், ருசியில் பெரிய குறை வராது.

6. முதல் தடவை போடுவது, படிப்படியாக

தியென்ஹோங்கை வைத்தே சொல்கிறேன்.

தட்டுவடை செட்டோ வெங்காயமோ சாப்பிட்ட வாயோடு உட்காராதீர்கள், பூண்டுக் காரம் நாக்கை விட்டுப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். வெறும் வயிறும் கூடாது. இந்த முறையில் இறக்கும் தேநீர் பார்க்க லேசாக இருந்தாலும் காஃபீன் குறைவில்லை, வெறும் வயிற்றில் ஏழெட்டுக் கோப்பை உள்ளே போனால் தலை கிறுகிறுக்கும், கை நடுங்கும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிடுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கைவானிலும் குவளையிலும் கோப்பைகளிலும் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் தண்ணீரின் சூட்டைக் குடித்துவிடும் என்பதால்தான் இது, சடங்கு இல்லை.

5 கிராம் இலையை நிறுத்துச் சூடான கைவானில் போட்டு, மூடி, இரண்டு முறை குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தண்ணீர் படாத இலையின் மணம் இந்தச் சூட்டில்தான் முதலில் எழும். இதைத் தவறவிட்டால் அந்த இலைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

90 டிகிரித் தண்ணீரைக் கிண்ணத்தின் ஓரமாக வட்டமாக ஊற்றி, மூடி, 10 நொடி எண்ணி இறக்குங்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய வேண்டும். இதை நூறு தடவை சொன்னாலும் புதியவர்கள் இரண்டு ஸ்பூன் தண்ணீரை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், அடுத்த ஈட்டுக்கு முன் அது இலையோடு ஊறிக் கடுப்பாகி இரண்டாம் ஈட்டையே கெடுத்துவிடுகிறது. இறக்கியதும் மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், ஆவி அடைத்தாலும் இலை வெந்துபோகும்.

இரண்டாம் ஈடு 10 நொடி, மூன்றாவது 15, அதன்பின் ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். ஆறேழு ஈட்டில் இனிப்புத் தண்ணீர் போல ஆகும், அங்கே நிறுத்துங்கள். இலையை உடனே கொட்டாமல் ஒன்றை விரித்துப் பாருங்கள். மொட்டும் இலையும் முழுசாக இருந்தால் நல்ல பறிப்பு, நார்நாராகக் கிழிந்திருந்தால் அடுத்த முறை வேறு கடை.

7. மற்ற நான்குக்கும் என்ன மாற்றம்

பாய் மூதானுக்கு 90 டிகிரி, முதல் ஈடு 20 நொடி. இலையின் மேல் இருக்கும் வெள்ளை ரோமம் மெதுவாகத்தான் நனைகிறது.

தியே குவான் யின் இறுகச் சுருட்டிய உருண்டை. 95 டிகிரி ஊற்றி 5 நொடியில் கொட்டிவிடுங்கள், இது கழுவுவதற்கு மட்டுமில்லை, உருண்டையைத் திறப்பதற்கும். பிறகு 20 நொடி. மூன்றாம் ஈட்டில் இலை மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். முதல் தடவை "இவ்வளவுதானா" என்று 8, 9 கிராம் போட்டுவிட்டு மூடி மூடாமல் தவித்தவர்கள் எங்கள் மாடியில் நிறைய.

முதிர்ந்த பூஅருக்குக் கொதிநீர். 5 நொடியில் ஒரு கழுவு, முடிந்தால் இரண்டு. நிறம் காபி டிகாஷன் போல உடனே இறங்கும், பயப்பட வேண்டாம், நிறம் கறுத்தாலும் கசப்பு இருக்காது. 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் கண்டறிந்த முறைப்படி ஈரக் குவியலாகப் போட்டு நொதிக்க வைப்பதால் அந்தக் கசப்புப் பொருள்கள் ஏற்கெனவே மாறிவிட்டன. பத்து ஈடு வரைக்கும் தாங்கும். வட்டாகச் செய்த பூஅர் வழக்கமாக 357 கிராம், உடைக்கும்போது கூர்க் கம்பியை ஓரத்தில் செருகி அடுக்கடுக்காகப் பெயர்க்க வேண்டும், முனை எப்போதும் உங்கள் கையிலிருந்து விலகியே இருக்கட்டும். நடுவில் குத்தினால் தூளாகும், தூள் கடுக்கும், கையும் கிழியும்.

லோங்ஜிங்கைக் கைவானில் போடாமல் உயரமான கண்ணாடி டம்ளரில் போட்டே பழகுங்கள், ஹாங்சோவிலும் அப்படிக் குடிப்பது வழக்கம். 200 மில்லிக்கு 3 கிராம், 80 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே திரும்பத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதும் குடித்துவிட்டு ஊற்றினால் அடுத்த டம்ளர் நீர்த்துவிடும். இதற்குக் கழுவு கிடையாது, கழுவினால் நல்லதெல்லாம் அதோடு போய்விடும்.

8. ருசிப்பது

இந்த இடத்தில் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று பாகற்காயும் வாழைப்பூவும் சாப்பிட்டே நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தேநீரைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடுதான் முதல் சாவி. கசப்பு நாக்கில் விழுந்து மறைவது, துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிப்பது. கசந்து உடனே மறைந்து இனிப்பாகத் திரும்பினால் நல்ல இலை. துவர்ப்பு கன்னத்தில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றால் இலையிலோ சூட்டிலோ கோளாறு.

அந்தத் திரும்பி வரும் இனிப்பைச் சீனர்கள் ஹுய்கான் என்கிறார்கள். புதியவர்களுக்கு இதை விளக்க நான் பேசுவதே இல்லை, ஒரு நெல்லிக்காயைக் கடிக்கச் சொல்லித் தண்ணீர் கொடுப்பேன். தொண்டையில் இனிப்பு எழும் அந்த நொடியில் முகம் மாறும், "ஓ, இதுதானா!" அப்புறம் அவர்கள் ஒவ்வொரு கோப்பையிலும் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

உறிஞ்சிக் குடியுங்கள், சத்தம் வரட்டும். காற்றோடு சேர்ந்து போகும்போதுதான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. குடித்து முடித்த கோப்பையை ஒரு நிமிடம் கழித்து முகருங்கள், ஆறிய கோப்பையில் வரும் தேன் வாடை சூட்டில் தெரியாது. மூடியின் உட்புறத்தையும் ஒவ்வொரு ஈட்டுக்கும் முகருங்கள்.

மணத்துக்குப் பெயர் வைக்கும்போது பாக்கெட்டில் அச்சடித்த சொற்களைத் தேடி அலையாதீர்கள். ஆர்க்கிட், செஸ்ட்நட் என்று போட்டிருப்பார்கள், நம்மில் எத்தனை பேர் அவற்றை முகர்ந்திருக்கிறோம்? லோங்ஜிங்கில் எனக்கு வறுத்த பாசிப்பருப்பு. தியே குவான் யின்னில், கோடை மழை விழுந்து பத்து நாளில் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பூ பூத்துக் கிடக்கும்போது வருமே, அந்த வாசனை. முதிர்ந்த பூஅரை முதன்முதலாகக் குடித்த ஏற்காட்டு அண்ணன் ஒருவர், முப்பது வருடமாகக் காபித் தோட்ட வேலை பார்ப்பவர், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மழை விட்ட மறுநாள் காட்டுக்குள்ள கால் வெச்சா, அடியில மக்கின எல மிதிபடும்ல தம்பி, அந்த வாசம்ங்க இது." அதைவிடச் சரியாக அந்தத் தேயிலையைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு என் நோட்டில் அதை அப்படியே எழுதிவைத்தேன். நீங்களும் உங்கள் மூக்குக்குத் தெரிந்த பெயரையே எழுதுங்கள், இலை, எடை, தண்ணீர், சூடு, நொடி ஆகியவற்றோடு.

9. ருசி பிசகினால் எங்கே தேடுவது

கசந்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள், அப்போதும் கசந்தால் சூட்டை 5 டிகிரி இறக்குங்கள், கடைசியாகத்தான் இலையின் அளவு. சப்பென்று இருந்தால் அதே வரிசையில் கூட்டுங்கள். மணமே இல்லை, நிறம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் தண்ணீர், திரும்பவும் இரண்டாம் படிக்குப் போங்கள். முதல் ஈடு நன்றாக இருந்து இரண்டாவது கடுத்தால் கிண்ணத்தை முழுவதும் வடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஊதுபத்தி வாடை அடித்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

10. இலையை வைப்பது

தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் நல்ல பாய் மூதானைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பட்டுப்புடவைகளோடு வைத்துவிட்டார். ஒரு மாதத்தில் அந்துருண்டை வாடை ஏறி, அத்தனையும் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. பூஜை அறைச் சாம்பிராணி, மசாலா டப்பா, காபித்தூள், இந்த மூன்றும் அதே வேலையைச் செய்யும். மலையில் இருப்பவர்கள் காபிக்கொட்டை வறுக்கும் அறையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

பச்சைத் தேயிலையும் லேசான தியே குவான் யின்னும் நம் ஊர் வெயிலுக்கு வெளியே தாங்காது. காற்றுப் புகாத உறை இரண்டு போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், இரண்டு மணி நேரம் விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். குளிர்ந்த இலையின் மேல் வெளிக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொண்டு ஒரே நாளில் கெட்டுவிடும். திறந்ததை மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

பூஅர் நேர்மாறு, அதற்கு மூச்சுவிடக் கொஞ்சம் காற்றும் ஈரமும் வேண்டும். அளவு 60, 70 சதவீத ஈரப்பதம். சேலத்துக் கோடையில் காற்று காய்ந்துபோவதால், இதுவரை எதுவும் சமைக்காத மூடியுள்ள மண்சட்டியில் வைக்கிறோம். ஏற்காட்டில் பிரச்சினையே வேறு, மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள் வரும், அப்போது மண்சட்டி வேண்டாம், ஒட்டிய உறையில் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். வட்டின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சை பூத்தால் துடைத்துவிட்டுக் குடிக்க நினைக்காதீர்கள், போட்டுவிடுங்கள்.

11. ஐந்தும் பழகிய பிறகு

மூன்று நான்கு மாதம் ஆகட்டும். ஐந்தில் எது திரும்பத் திரும்ப உங்கள் கையை இழுக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குள் ஆழமாகப் போங்கள். ஊலாங் பிடித்தால் வூயி மலையின் பாறைத் தேயிலை, கரித்தீயில் வாட்டியது, அப்புறம் சாவ்சோ பக்கத்து ஃபீனிக்ஸ் மலையின் தான்சோங், பழ மணமும் பூ மணமும் மரத்துக்கு மரம் மாறும். பூஅர் பிடித்தால் முதிராத பூஅர், அதாவது ஈரக் குவியலில் நொதிக்க வைக்காதது, அதில் நெல்லிக்காய்க் கணக்கு முழு வீச்சில் வேலை செய்யும், ஆனால் இளம் வட்டு வயிற்றைக் கொஞ்சம் உரசும், சாப்பிட்ட பிறகே குடியுங்கள். ஒரே வகையில் இரண்டு ஆண்டுப் பறிப்புகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், நூறு தேயிலையைத் தனித்தனியாகக் குடிப்பதில் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

யீஷிங் மண் கெண்டி வாங்கும் ஆசை இந்தக் கட்டத்தில் வரும். அப்போதும் அவசரம் வேண்டாம். அந்த ஊதாமண் மெருகு பூசாதது, மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலைதான். எந்த வகையைக் காலத்துக்கும் குடிப்பீர்கள் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து முடிவுசெய்த பிறகு வாங்குங்கள், போலிகள் நிறைய என்பதால் தெரிந்தவர் ஒருவர் கையில் பிடித்துப் பார்த்த கடையாக இருக்கட்டும். வெந்நீரால் மட்டும் அலசித் திறந்தபடி காய வையுங்கள். சோப்பு, விம் எதுவும் படக் கூடாது, வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களிடம் வாங்கிய அன்றைக்கே சொல்லிவைத்துவிடுங்கள்.